பகவதியம்மாள் அளந்த உராய்வு

செய்தியை ஸ்டீபன்தான் சொன்னார். தம்பானூர் ரயில் நிலையத்தில் நாகர்கோவில் பாசஞ்சருக்காக நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மொழிகளிலும் ரயில் அறிவிப்பு முடிந்த பிறகுதான் அவர் குரல் தெளிந்தது.

"சாரே, நம்ம பகவதியக்கா போயாச்சு. காலைல ஆறு மணி இருக்கும். நெஞ்சடைப்பு. நீங்க கரமனையில அக்கா வீட்டுக்கு வந்திருங்க, நான் இங்கதான் நிக்கேன்."

பயணச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். ஸ்டீபன் எங்கள் ஆய்வு நிறுவனத்தின் பட்டறையில் கடைசல்காரராக இருந்தவர். மார்த்தாண்டத்துக்காரர். பகவதியம்மாளைக் கடைசிவரை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்களில் அவர் ஒருவர்தான்.

மறுநாள் நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையில் இரங்கல் குறிப்பு ஒட்டினார்கள். நான்கு வரி. பண்டகசாலையிலிருந்து ஓய்வு பெற்றவர், முன்னதாக உராய்வு ஆய்வகத்தில் மாதிரிகளைச் சுத்தம் செய்து ஆய்வாளர்களுக்கு உதவியவர், பணிவானவர். அவர் பெயரை மட்டும் பிழையின்றி எழுதியிருந்தார்கள். மற்ற வரிகளைப் பொய் என்று சொல்ல மாட்டேன். உண்மை எதுவும் உள்ளே வந்துவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்த சொற்கள் அவை.

செய்திமடலுக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். ஒரு பத்தியை எடுத்துவிட்டால் போட்டுவிடலாம் என்றார்கள். முழுவதையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு பத்திதான் இங்கே நீண்டிருக்கிறது. அவரை அறிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் வேலை வெளியிலிருந்து பார்ப்பதற்கு எளிது. ஓர் எஃகுத் தட்டு சுழலும். அதன்மேல் சுண்டுவிரல் நுனியளவு எஃகுத் துண்டொன்றை எடை வைத்து அழுத்துவோம். அதை ஊசி என்போம். இரண்டுக்கும் நடுவில் எண்ணெய். சுழலும் தட்டு ஊசியை எவ்வளவு இழுக்கிறது என்பதை ஒரு பேனா வரைதாளில் கோடாகப் போட்டுக்கொண்டே போகும். கோடு ஏறினால் உராய்வு அதிகம், இறங்கினால் குறைவு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே சேர்ந்தபோது அந்த இயந்திரத்தின் முன்னால் பகவதியம்மாள் உட்கார்ந்திருந்தார். வேதியியலில் இளநிலைப் பட்டம். பதவி, தொழில்நுட்ப உதவியாளர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சொந்த ஊர் சுசீந்திரம் பக்கம். கல்யாணமாகிக் கரமனைக்கு வந்து இருபது வருடம் ஆகியும் நாஞ்சில் நாட்டுப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை.

முதல் வாரத்தில் நடந்தது இது. சுத்திகரித்த கனிம எண்ணெயில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எடையைக் கூட்டியதும் ஊசி கீச்சிடத் தொடங்கிற்று. நான் வரைதாளைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"தாள அப்புறம் பாத்துக்கிடலாம். கேளுங்க சாரே."

"எதை?"

"சத்தத்த. இப்பம் நிக்கும்."

மெழுகுச் செதில் போலிருந்த ஸ்டியரிக் அமிலத்தில் மிகச் சிறிய ஒரு துணுக்கை இடுக்கியால் எடுத்து எண்ணெயில் போட்டார். நான்கைந்து சுற்றுக்குள் கீச்சொலி தேய்ந்து அடங்கியது. பேனா படியிறங்குவதுபோல் கீழே வந்து ஒரே மட்டத்தில் ஓடியது. இதைப் பற்றி நான் முனைவர் பட்ட ஏட்டில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். காதால் கேட்டது அன்றுதான்.

கொழுப்பு அமில மூலக்கூறு எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்களுக்கு விளக்க அவரிடம் ஓர் உவமை இருந்தது. "நாத்து நட்ட வயலப் பாத்திருக்கியளா? வேரு சேத்துக்குள்ள, தாளு மேல, நெருக்கமா நிக்குமில்லியா? இதும் அப்பிடித்தான். தல இரும்பப் பிடிச்சுக்கிடும். வாலு மேல நிக்கும். வேற இரும்பு வந்து உரசினா வாலுமேலதான் வழுக்கிட்டுப் போகும், இரும்புல படாது. வாலு நீளமா இருந்தா நல்லது. சூடு ரெம்பக் கூடினா எல்லாம் உருகிச் சாஞ்சிரும், கோடு பழையபடி ஏறும்." இதைவிடச் சுருக்கமாக இதை விளக்கிய பேராசிரியர் யாரையும் நான் சந்தித்ததில்லை. அமிலம் உலோகத்துடன் வினைபுரிந்து ஒரு சோப்புப் படலமாக ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் அதன் சாரம்.

வினைபுரியாத உலோகமானால் என்ன ஆகும் என்று ஒருநாள் பேச்சு வந்தது. அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு பழைய வெள்ளிக் குங்குமச் சிமிழின் மூடியைக் கொண்டுவந்துவிட்டார். கீல் உடைந்து கிடந்தது. "இது எதுக்கு அக்கா, கோயிலுக்கா?" என்று ஸ்டீபன் கேட்டார். "ஒனக்க தலையில கிரீடம் வைக்கதுக்கு. தட்டையாக்கித் தாடே" என்றார். ஸ்டீபன் அதைச் சமப்படுத்தித் தேய்த்துத் தட்டின்மேல் பொருத்தித் தந்தார். அமிலம் கலந்த எண்ணெயில் ஓட்டினோம். கோடு இறங்கவே இல்லை. வெள்ளியை அமிலம் பிடித்துக்கொள்வதில்லை. புத்தகத்தில் இருப்பதுதான். ஆனாலும் தன் சிமிழ் மூடியில் அதைப் பார்த்தபோது அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சி எனக்கு மறக்கவில்லை. கீறல் விழுந்த மூடியை மறுபடி முந்தானையில் முடிந்து கொண்டுபோனார். அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் எங்கள் ஆய்வகம் நல்ல இடமாக இருந்தது. நான்கு மணிக்குச் சாயா வரும். ஸ்டீபன் பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வருவார். யார் கோடு எங்கே முடியும் என்று பந்தயம் கட்டுவோம். பந்தயத்தில் எப்போதும் பகவதியம்மாள்தான் ஜெயிப்பார்.

பிறகுதான் எங்கள் பிரிவுத் தலைவரின் எண்ணெய் வந்தது.

கனிம எண்ணெயைத் தனிமுறையில் சுத்திகரித்து அவர் ஒன்றைத் தயாரித்திருந்தார். ஸ்டியரிக் அமிலம் போன்ற எந்தச் சேர்மமும் கலக்காமலே அது உராய்வைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்தது. சேர்மம் வேண்டாத எண்ணெய் என்றால் அது பெரிய செய்தி. ஆய்விதழுக்குக் கட்டுரை போயாயிற்று. ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. ஆய்வகத்தில் இனிப்புக்கூடக் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு தொல்லை. சில நாட்களில் மட்டும் அதே எண்ணெயில் கோடு மேலே போய் நின்றது. அந்த நாட்களைப் பார்த்தால், ஊசியைக் கழுவிப் பொருத்தியவர் ஸ்டீபனாக இருப்பார். "பட்டறைக் கை, முரட்டுக் கை" என்று சொல்லி அந்த அளவுகளைத் தள்ளிவிட்டோம். ஸ்டீபனை இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்றே தலைவர் சொல்லிவிட்டார். பகவதியம்மாள் மட்டும் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான்கு நாள் கழித்து ஸ்டீபனை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

"டே ஸ்டீபா, தலைக்கு என்ன தேய்க்க?"

"அக்கா, எனக்க தலைய விட்டிருங்க. அதுல ஒண்ணும் இல்ல."

"அதாண்டே நான் கேட்டது. ஒண்ணும் இல்லியே."

ஸ்டீபனுக்கு முப்பது வயதிலேயே முழு வழுக்கை. அவர் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. மற்ற எல்லோரும் காலையில் குளித்துத் தேங்காயெண்ணெய், இங்குள்ள மலையாளத்தில் வெளிச்செண்ணெய், தேய்த்துச் சீவிக்கொண்டு வருகிறவர்கள். இந்த ஊரில் அதை யாரும் ஒரு செயலாகவே நினைப்பதில்லை. பேருந்திலிருந்து இறங்கியதும் கலைந்த முடியைக் கையால் ஒதுக்குவோம். அதே கையால், அசிட்டோனில் கழுவி உலர்த்திய ஊசியை எடுத்துப் பொருத்துவோம். தேங்காயெண்ணெயில் இருப்பதும் இதே கொழுப்பு அமிலக் குடும்பம்தான். விரலில் ஒட்டிய அந்தச் சிறு படலமே எஃகைப் பிடித்துக்கொள்ளப் போதுமானது. சேர்மம் இல்லாத எண்ணெய் என்று நாங்கள் அளந்ததெல்லாம் சேர்மத்துடன்தான் அளந்திருக்கிறோம். சேர்மம் எங்கள் தலையிலிருந்து வந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. ஊசிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைக் கொதிக்கும் கரைப்பானில் கழுவி இடுக்கியால் மட்டும் எடுத்தார். மறுபாதியைத் தன் பின்னலைத் தொட்ட விரலால் தொட்டுப் பஞ்சால் துடைத்தார். மூன்று வாரம் இப்படி மாற்றி மாற்றி ஓட்டினார். தொட்ட ஊசிகளில் கோடு கீழே. தொடாதவற்றில் மேலே. ஒன்றுகூடத் தவறவில்லை. அந்த மூன்று வாரம் முடிந்ததும், வேலை நாட்களில் அவர் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டார். தெருவில் பெண்கள் வறண்ட தலையைப் பார்த்து "வீட்டுல என்னமும் எழவா?" என்று கேட்டார்களாம். "ஆமா, ஒரு எண்ணெ செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனபோது ஸ்டீபனையும் என்னையும் கூட்டிச்சென்றார். தலைவர் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். நல்ல ஆய்வாளர், படித்த முதல் பக்கத்திலேயே அவருக்குப் புரிந்திருக்கும்.

"அப்போ, பகவதி சொல்றது, என்னுடைய எண்ணெயில ஒன்னுமில்லா. வெளிச்செண்ணையாணோ காரியம்?"

"ஆமா சார். உராய்வக் கொறச்சது எண்ணெதான். உங்களுக்க எண்ணெ இல்ல."

"கட்டுரை அச்சுக்குப் போயாச்சு."

"அச்சுல இருந்து திருப்பி வாங்கலாமே சார். எனக்க பேரு அதுல இல்ல. எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. உங்களுக்க பேருக்காக்கும் சொல்லுகேன்."

அதில் கேலி கொஞ்சமும் இல்லை. அவர் உண்மையிலேயே அந்த மனிதரின் பெயரைக் காப்பாற்றத்தான் போயிருந்தார். தலைவர் குறிப்பேட்டை மூடித் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை பிரிவுக் கூட்டத்தில் பேசலாம் என்றார்.

இடையில் ஒரு சனிக்கிழமை இருந்தது. நண்பகலுக்கு மேல் ஆய்வகத்தில் யாரும் இல்லை. நான் தனியே போய் இயந்திரத்தை ஓட்டினேன். இடுக்கியால் எடுத்த ஊசிகள், என் தலையைத் தொட்ட விரலால் எடுத்த ஊசிகள். பகவதியம்மாள் எழுதியிருந்தபடியே வந்தது. வரைதாளைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பதினொரு பேர் இருந்தோம். பகவதியம்மாள் தான் சோதித்த வழியையும் கண்டதையும் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தலைவர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதவி உயர்வுக்கான அறிக்கையை அந்த மாதம் அவர்தான் எழுத வேண்டும். அது காரணமா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டதுண்டு, காரணம்தான். "இன்னும் சில சோதனைகள் தேவைப்படலாம்" என்றேன். அறிவியலில் இதைப் போலக் கண்ணியமான வாக்கியம் வேறில்லை. யாரையும் காயப்படுத்தாது, எதற்கும் பொறுப்பேற்காது. பகவதியம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுரை வெளிவந்தது. எனக்கு உயர்வும் வந்தது. பகவதியம்மாள் அந்த எண்ணெயின் அளவுத்தாள்களில் கையொப்பமிட மறுத்தார். இரண்டு மாதத்தில் நிர்வாகக் காரணங்களுக்காகப் பண்டகசாலைக்கு மாற்றப்பட்டார். கையுறையும் பஞ்சும் அசிட்டோன் புட்டியும் எடுத்துக்கொடுக்கும் வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். யார் கையுறை கேட்டுப் போனாலும், "போட்டுக்கிடுங்க சாரே. இல்லாட்டி வெளிச்செண்ணக்கி விருது குடுக்க வேண்டி வரும்" என்பார். கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. எதைப் பற்றிச் சொல்கிறார் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது.

சில ஆண்டுகள் கழித்து, வேறு ஊர்களில் அந்த எண்ணெயை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு வரவில்லை என்று கடிதங்கள் வந்தன. தலைவர் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். மாதிரிகளைக் கையாளும்போது கரிம மாசுகள் சேராமல் கவனிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கிருந்து வந்த மாசு, யார் கண்டது என்று இல்லை. இன்றும் எங்கள் ஆய்வகச் சுவரில் ஊசி கழுவும் முறை சட்டமிட்டுத் தொங்குகிறது. கொதிக்கும் கரைப்பான், இடுக்கி, விரல் படக்கூடாது: வரிக்கு வரி பகவதியம்மாளுடைய குறிப்பேடு. கீழே கையொப்பம் தலைவருடையது. தலைவரின் இழுப்பறைக்குள் போன குறிப்பேட்டை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை கரமனைப் பேருந்தில் அவரைப் பார்த்தேன். சாலைச் சந்தையிலிருந்து காய்கறிப் பையுடன் வந்துகொண்டிருந்தார். தலையில் எண்ணெய் மினுங்கிற்று. பக்கத்து இருக்கை காலியானதும் என்னை உட்காரச் சொன்னார். மகள் உமாவின் வேலை பற்றி, ஸ்டீபனின் பேத்தி பற்றியெல்லாம் பேசினார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"அண்ணைக்கு சனிக்கெழம நீங்க தனியா மெஷின் ஓட்டினியள்லா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"திங்கக்கெழம காலைல பாத்தேன். தாளு உருளையில ரெண்டடி குறவு. நம்மள்ல வேற யாரு ஓட்டப் போறா? எத்தர வந்து சாரே, அளவு?"

அத்தனை ஆண்டுகளாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு ஒன்று இருந்தது. அதைச் சொல்ல அவர் இடம் தரவில்லை. "உங்க அளவேதான்" என்றேன். "ரெண்டாவது தசமம் வரைக்கும் மாறல."

"அப்பம் சரி" என்றார். பாலம் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர், "கொத்தமல்லி வேணுமா? ரெம்ப வாங்கிட்டேன்" என்று ஒரு பிடியை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப்போனார்.

இரங்கல் கூட்டம் நிறுவனத்தின் சிறிய அரங்கில் நடந்தது. ஓய்வு பெற்ற தலைவரும் அழைக்கப்பட்டிருந்தார். வந்தார். "பகவதி ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை" என்றார். முன்வரிசையில் உமா உட்கார்ந்திருந்தாள். அடுத்து என்னை அழைத்தார்கள். நான் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. இங்கே எழுதியிருப்பதைத்தான், இதே வரிசையில், சொன்னேன். அன்றைய திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன். இப்போதைய இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். முன்னாள் தலைவர், "அதெல்லாம் பழைய காரியம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மேடைவரை கேட்டது. பழையதுதான். தவறான அளவு பழையதாவதால் சரியாகிவிடுவதில்லை.

அந்தக் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். அளந்தவர் பெயர், அளந்த முறை, நான் தனியே ஓட்டிப் பார்த்ததில் கிடைத்த அளவு, அதை நான் மறைத்தது, எல்லாம் அதில் இருக்கிறது. வரைதாளின் நகலை இணைத்திருக்கிறேன். மூலத்தைக் கரமனைக்குப் போய் உமாவிடம் கொடுத்தேன். மடித்த இடங்களில் தாள் மஞ்சளித்துப் போயிருந்தது. அவள் அதைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா இதப் பத்தி ஒண்ணும் பறஞ்சதில்ல அங்கிள். இதுல அம்மா சொன்ன கோடு எது?"

"மேல இருக்கிறது. சுத்தமான ஊசி."

அவள் விரலால் அந்தக் கோட்டைத் தொடப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்துக்கொண்டாள்.

தாள் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர்ந்துவிட்டது. பகவதியம்மாளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, பேருந்தில் அவர் கேட்ட கேள்வி ஒன்றைத்தான். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டிருக்கலாம். எத்தர வந்து என்று மட்டும் கேட்டார். அந்த அளவைச் சொல்ல எனக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பதினொரு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதைப் பேருந்தில் அவர் ஒருவர் காதில் சொன்னேன். இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்: அவர் அளந்தது சரி. நானும் அளந்தேன்.